பிள்ளையாரைக் கடலுக்கு அனுப்பியது

அப்பா எங்கள் படகின் அடிப்பக்கத்துக்குச் சாம்பல் நிறம் பூசியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். பள்ளிக்கூட வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் அது. சும்மா கிடைத்ததை அப்பா விடுவாரா? ஊரில் மற்றவர்களின் படகுகள் நீலமும் வெள்ளையுமாகக் கரையில் கிடக்க, எங்களுடையதைக் கவிழ்த்து வைத்தால் சேற்றில் படுத்த எருமை மாதிரி இருக்கும். அம்மாவின் அண்ணன், என் மாமா, போகிறபோதும் வருகிறபோதும் அதற்கு வைக்கோல் போட்டாச்சா என்று அப்பாவைக் கேட்பார். அப்பாவுக்குக் கோபம் வராது. தண்ணீருக்குள் இருக்கிற பக்கத்தை ஆர் பார்க்கப்போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு.

நாங்கள் இருந்தது நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டைக்குப் போகிற வீதியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று நாங்கள் சொல்கிற உப்புநீர் ஏரி, நடுவில் எங்கள் ஊர். களப்புக்கு அப்பால் காடு. அந்தக் காட்டிலிருந்து ஓர் ஆனை வந்து களப்பில் நின்ற வருடம் எனக்கு எட்டு வயது.

ஆனைகள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. வரும், யாராவது ஒருவரின் வாழையை முறிக்கும், வெடி போட்டால் போய்விடும். இது போகவில்லை. அலியன் என்கிற கொம்பில்லாத ஒற்றை ஆண் ஆனை. களப்போரத் தண்ணீருக்குள் முழங்கால் அளவில் இறங்கி, பன்புல் பற்றைக்குப் பக்கத்தில் நின்றது. வெடி போட்டார்கள். பத்தடி உள்ளே போய் நின்று, சத்தம் அடங்கியதும் பத்தடி திரும்பி வந்தது. இப்படி இரண்டு கிழமைக்கு மேல் நின்றது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அந்தக் களப்போரத்தால்தான் போனது. அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போவார். மதகு தாண்டும்வரை கதைக்கக்கூடாது என்பது கட்டளை. நான் கதைக்காமல் இருந்ததோடு மூச்சையும் விடமாட்டேன். அது எங்களைத் திரும்பிப் பார்க்காது. அதுதான் எனக்கு இன்னும் பயம். குரைக்கிற நாயின் எண்ணமாவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். இது பேசாமல் நின்றுகொண்டே எதையோ நினைத்தது. மதவாச்சிப் பக்கம் மூன்று பேரைக் கொன்றுவிட்டு வந்த ஆனை என்று ஒரு கதை ஊரில் உலாவியது. அது எப்படி அவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. இரவில் மழைத்துளி ஓலையில் விழுந்தால்கூட அது எங்கள் வேலியைத் தொடுகிறது என்று நினைத்து அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொள்வேன்.

ஆனால் பார்க்காமலும் இருக்க ஏலாது. கண்ணை இறுக்கி மூடுவேன், மதகடியில் ஒரு கண்ணைத் திறந்துவிடுவேன். அது பன்புல்லைப் பிடுங்கும். தண்ணீரில் அடித்துக் கழுவும். வாய்க்குள் வைத்து வெகுநேரம் மெல்லும். பிறகு அந்தப் புல்லை அப்படியே உருண்டையாக வெளியே விடும். உருண்டைகள் அதன் காலைச் சுற்றி மிதக்கும். அது விளையாடுகிறது என்று நினைத்தேன். கரையில் கிடந்த லத்தியிலும் புல் நீளநீளமாக, வெட்டிப் போட்டதைப் போல முழுசாகவே கிடந்தது. மாமா அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, மதம் பிடிக்கப்போகிற ஆனைக்குச் சாப்பாடு இறங்காது என்று சொன்னார். அப்பா ஒருநாள் சைக்கிளை மெதுவாக்கி, நெஞ்சாங்கூடு தெரியுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதகு தாண்டுமுன் அப்பாவே கதைத்துவிட்டாரே என்று அன்று முழுக்க வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மழை பிடித்தது. நான்கு நாள் விடாத மழை. களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறியது, தாழ்வாக இருந்த வீடுகளின் குசினிக்குள்ளும் வந்தது. அப்படி வந்தால் எங்கள் ஊரில் செய்வது ஒன்றுதான். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணல் அடைத்துக் கிடக்கிற முகத்துவாரத்தை வெட்டிவிடுவோம். ஊரிலுள்ள ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வருவார்கள். முதலில் களப்படிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி ஒரு தேங்காய் உடைப்பார்கள். மருதமரத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் அது. முதல் வெட்டு கைராசிக்காரன் வெட்டவேண்டும். எங்கள் ஊரின் கைராசிக்காரன் அப்பா.

ஒரு முழ அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலத்தில் அந்த வாய்க்கால் வீதியளவு அகலமாகி, இரண்டு பக்க மணலும் பொதபொதவென்று இடிந்து விழ, களப்புத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் பாயும். பார்க்க ஆசையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். பிள்ளைகளைக் கயிறு கட்டாத குறையாகப் பிடித்து வைத்திருப்பார்கள்.

அன்று மண்வெட்டியைத் தூக்கிய அப்பா, போடாமல் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்குள் ஆனை நின்றது. தண்ணீர் இப்போது அதன் வயிற்றுக்கு மேலே இருந்தது.

"உது நிக்குது, மச்சான்," என்றார் அப்பா.

"நிண்டால் என்ன? ஆனைக்கு நீச்சல் ஆரும் சொல்லிக் குடுக்கவேணுமோ? வெட்டுங்கோ, வீடுகளுக்குள்ள தண்ணி ஏறுது," என்றார் மாமா.

அப்பா வெட்டினார். ஆனைக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குப் புதிய செய்தி. அதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன்.

முகத்துவாரம் வெட்டிய அன்று யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். களப்பு இறால் முழுவதும் கடலுக்குள் கொட்டும், அதற்குப் பின்னால் பெரிய மீன் வரும். மழை விட்ட இடைவெளியில் அப்பாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் படகை இறக்கினார்கள். விளக்கு வைக்கமுன் வந்துவிடுவேன் என்று அப்பா சொன்னார். மற்றப் படகுகள் வந்தன. விளக்கு வைத்தோம். அப்பா வரவில்லை. காற்று மாறிவிட்டது, தண்ணீர் வெளியே இழுக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அப்பாவின் போன் ஒருதரம் அடித்தது, பிறகு அடிக்கவே இல்லை.

அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, களப்படிக் கோயிலுக்கு நடந்தார். மழைக்குள் கற்பூரம் பற்ற மறுத்தது. நெருப்புப்பெட்டி முடியும் தறுவாயில் பற்றியது. முழுசாய்க் கொண்டுவந்து விடு பிள்ளையாரே, இருபத்தொரு தேங்காய் அடிக்கிறன் என்று அம்மா சத்தமாகவே சொன்னார். அம்மாவின் குரல் அப்படி உடைந்து நான் முன்பு கேட்டதில்லை.

எனக்கு அந்தத் தேங்காய்களில் நம்பிக்கை வரவில்லை. தேங்காயை வைத்துக்கொண்டு பிள்ளையார் என்ன செய்வார்? அப்பா கடலில். யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் நேராகவே கதைத்தேன். நீ ஆனைதானே. ஆனைக்கு நீச்சல் தெரியுமென்று மாமா சொன்னவர். இதில் சும்மா இருக்காமல் கடலுக்குள் இறங்கிப் போ. அப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்து கரையில் விட்டுவிட்டு நீ திரும்பிப் போகலாம். இவ்வளவுதான் சொன்னேன். திரும்பிப் போகலாம் என்று சொன்னேனா இல்லையா என்பது பிறகு எனக்குப் பெரிய சந்தேகமாக வந்தது.

அடுத்த நாள் முழுவதும் ஒன்றுமில்லை. மாமாவும் வேறு ஆட்களும் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். களப்பில் ஆனையைக் காணவில்லை, தொலைந்தது சனியன் என்று யாரோ சொன்னது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. அயல்வீட்டார் கொண்டுவந்த பாண் கதிரையில் வைத்தபடி காய்ந்தது.

மூன்றாம் நாள் காலை கடல் சற்று அடங்கியிருந்தது. நாங்கள் கரையில் நின்றோம். தூரத்தில் ஒரு கறுப்பு மேடு தெரிந்தது. அலை ஏறும்போது தெரிந்து, இறங்கும்போது மறைந்தது. அதன் மேலே இரண்டு பறவைகள் இருந்தன. முதலில் கண்டது நான்தான். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. அம்மா அதைப் பார்த்ததும் தம்பியைக் கீழே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். நீளமாக, உருண்டையாக, சாம்பல் நிறத்தில், கவிழ்ந்து கிடக்கிற படகின் முதுகு. ஊரில் ஒரே ஒரு படகுக்குத்தான் அந்த நிறம்.

பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா தன் படகைத் தள்ளினார். வைக்கோல் கேட்கிற மாமாவின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்ஜின் சத்தம் தூரப்போய்த் தூரப்போய் நின்றது. அந்த மேட்டைச் சுற்றி அவருடைய படகு ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. தம்பி மட்டும் சிப்பியைப் பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தான், அவன் கையைத் தட்டிவிடக்கூட ஒருவருக்கும் நினைவில்லை.

மாமா திரும்பி வரும்போதே எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். கரைக்கு வருமுன்பே கத்தினார்.

"போட் இல்லை. ஆனை. செத்த ஆனை."

அம்மா மணலில் இருந்துவிட்டார். ஆனையா, ஆனைதானா என்று மூன்று நான்குமுறை கேட்டார். ஓம், ஆனைதான் என்று மாமா சொல்லச் சொல்ல, அம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். ஆனைதானாம், ஆனைதானாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு சாவைக் கேட்டு ஊர் இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் பிறகு கண்டதில்லை.

சிரிக்காதது நான் ஒருத்திதான். களப்பில் நின்ற ஆனையின் நினைவே எனக்கு வரவில்லை. கடலுக்குள் எந்த ஆனை போகும்? நான் போகச் சொன்ன ஆனைதான் போகும்.

அன்று மத்தியானம் அப்பா வந்தார். நாங்கள் எல்லோரும் இன்னும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க, அவர் எங்களுக்குப் பின்னால் வீதியில் பஸ்ஸால் இறங்கி வந்தார். சித்தப்பாவும் கூட. இரண்டு பேரும் யாரோ கொடுத்த சாரங்களைக் கட்டியிருந்தார்கள். என்ஜின் நின்றுபோய், நீரோட்டம் வடக்கே இழுத்து, புல்மோட்டைப் படகுக்காரர்கள் கண்டு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். தங்கள் வீட்டில் சோறு கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அப்பாவின் போன் நம்பர்களோடு கடலில் போயிருந்தது. அம்மா ஓடிப்போய் அப்பாவின் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்திவிட்டுத்தான் அழுதார்.

நான் ஓடவில்லை. தூரத்தில் நின்று அப்பாவை எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை. முழுசாக வந்திருக்கிறார். கூட்டிவந்தவர்தான் திரும்பவில்லை.

சாயந்தரம் அந்த ஆனை எங்கள் கரையில் ஒதுங்கியது. ஊர் திரண்டது. நான் போகமாட்டேன் என்று அழுதும், தனியே விட ஏலாதென்று அம்மா இழுத்துக்கொண்டு போனார். அது ஒரு பக்கமாகக் கிடந்தது. வயிறு ஊதிப்போய், தோல் வெளுத்து, கால்கள் நேராக நீட்டியபடி இருந்தன. அலை வரும்போது தும்பிக்கை அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன். நெற்றியிலும் தும்பிக்கையிலும் தோல் உரிந்த காயங்கள் இருந்தன. கொம்பில்லை. பிள்ளையாருக்கு ஒரு கொம்பாவது இருக்கவேண்டுமே என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. கடல் பிடுங்கியிருக்கும் என்று அடுத்த கணமே விளங்கிவிட்டது. களப்பில் நின்றதுதான் இது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதும் என்னை அசைக்கவில்லை. அப்படியென்றால் களப்பில் நின்றதும் அவர்தான். கோயிலுக்குப் பக்கத்தில் வேறு யார் வந்து நிற்பார்கள்?

அடுத்த நாள் திருகோணமலையிலிருந்து மிருக வைத்தியர் ஒருவர் ஜீப்பில் வந்தார். சிங்களப் பெண். நன்றாகவே தமிழ் கதைத்தார். நீளக் கையுறை போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெடிக்காயம் இல்லை, நஞ்சு இல்லை என்றார். பிறகு இரண்டு பேரை வைத்து வாயைப் பிரிக்கச் சொல்லி, தோள்மட்டும் கையை உள்ளே விட்டார். எனக்கு அவருடைய கை திரும்பி வராது என்று தோன்றியது. வந்தது. முழங்கையை மடக்கி நெற்றி வேர்வையைத் துடைத்தபடி, "பல் முடிஞ்சுது," என்றார்.

ஆனைக்கு வாழ்நாளில் ஆறுமுறை கடைவாய்ப் பல் வருமாம். ஒன்று தேய்ந்து விழ, பின்னாலிருந்து அடுத்தது தள்ளிக்கொண்டு வருமாம். ஆறாவதும் தேய்ந்தால் பிறகு வராதாம். கிளையும் பட்டையும் மெல்ல ஏலாது. அப்போது அது கூட்டத்தை விட்டுவிட்டு, மென்மையான புல் முளைக்கிற தண்ணீரோரத்துக்கு வந்து நிற்குமாம். புல்லும் அரைபடாமல் போகப் போக, பச்சைக்கு நடுவில் நின்றே பட்டினியாலே சாகுமாம். வயசான ஆனையெல்லாம் காட்டில் பெரும்பாலும் அப்படித்தான் போகும் என்று அவர் சொன்னார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மானைச் சிறுத்தை பிடிக்கிற படம் இருந்தது. ஆனையை யார் பிடிப்பது என்று நான் யோசித்ததே இல்லை. அதைப் பிடிக்கிறது அதன் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கொத்தாத அம்மி மாதிரிக் கிடக்கு என்று சொன்னார். எங்கள் வீட்டு அம்மியும் அப்போது வழுவழுத்துப்போய், மிளகாய் அரைபடாமல் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. களப்பில் மிதந்த புல் உருண்டைகள் எனக்கு நினைவு வந்தன. விளையாடவில்லை அது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் மோதகமும் கரும்பும் வைத்துக் கும்பிட்டோமே. பல் இல்லாதவருக்குக் கரும்பு. அதோடு, பசியில் நிற்க மாட்டாமல் நின்றவரைத்தான் நான் கடலுக்குள் போ என்று விரட்டியிருக்கிறேன்.

அப்பா அந்தக் கூட்டத்துக்குள் வரவில்லை. தூரத்தில் தென்னையடியில் நின்றார். மாமா அவரிடம் போய், எப்படியும் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் செத்திருக்கும் என்று டொக்டர் சொல்கிறா, எப்படியும் சாகப்போனதுதானே மச்சான் என்றார்.

"எப்படியும் எண்டால் நானும்தான்," என்றார் அப்பா.

மாமா திரும்பி வந்துவிட்டார். ஆனையைப் புதைக்க மண் அள்ளும் பெக்கோ வந்தது. அது மணலைத் தோண்டிய நேரம் முழுவதும் அப்பா தென்னையடியிலேயே நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சண்டை. நேர்த்தி வைத்த தேங்காயை உடனே அடிக்கவேண்டும் என்று அம்மா. இப்போது வேண்டாம் என்று அப்பா. பிள்ளையார் கொண்டுவந்து விட்டவர், அவரோட விளையாடாதையுங்கோ என்று அம்மா பல்லைக் கடித்தார். அப்பா எழுந்து வெளியே போனார். பிள்ளையார் செத்துவிட்டார் என்பது அப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் தேங்காய் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். நானும் கோயிலுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். உள்ளே இருப்பது வெறும் கல் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்றும் பயம். இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கமுடியும் என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு வயதில் இருக்கும்.

படகு லொறியில் வந்து சேர்ந்தது. துடுப்பில் ஒன்று பாதியாக முறிந்திருந்தது. எப்படி முறிந்தது என்று அம்மா கேட்டதற்கு, கடலில் எதுவும் முறியும் என்றார் அப்பா. என்ஜினைத் திருத்தினார்கள். அப்பா என்ஜினுக்குப் புதிதாக இரண்டு பிளக் வாங்கி, துணியில் சுற்றி, பால்மா டின்னில் போட்டு அலுமாரி மேல் வைத்தார். நாளைக்கு இறங்கலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அன்றைக்கு எனக்கு வந்த பயம் முந்தைய பயங்களைப் போன்றதல்ல. முதல்தடவை அப்பா வராதபோது கேட்க ஓர் ஆள் இருந்தார். இனி வராவிட்டால் யாரைக் கேட்பது? நீந்தத் தெரிந்த ஒரே ஒருவரையும் நான் அனுப்பித் தொலைத்துவிட்டேன். அப்பா போகக்கூடாது. வேறு வழி தெரியவில்லை. கதிரை வைத்து ஏறி, டின்னை எடுத்து, இரண்டு பிளக்கையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். டின்னைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் வீடு தலைகீழானது. அம்மா சித்தப்பாவைச் சந்தேகப்பட்டார், சித்தப்பா அயல்வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டார், தம்பி விழுங்கிவிட்டானோ என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அப்பா என் நகங்களைப் பார்த்தார். நகத்துக்குள் ஈரமண். என் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து, படகின் விளிம்பில் என்னை இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பின்னால் ஆனையைப் புதைத்த மணல்மேடு தெரிந்தது.

"ஏன் பிள்ளை ஒளிச்சனீ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையில் வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. பிள்ளையாரைப் போகச் சொன்னது நான்தான், அவர் என்னால்தான் செத்தவர், இனி நீங்கள் போனால் கூட்டிவர ஒருவரும் இல்லை என்று சொன்னேன். அப்பா சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. என் நகத்து மண்ணைத் தன் சாரத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நீ சொல்லி அது போகேல்லை. நான் வெட்டின வழியால போனது," என்றார்.

எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடிப் போத்தலை நான் உடைத்தால் காற்றுத் தள்ளியது என்று அம்மாவிடம் சொல்கிற அப்பா அவர். நான் இன்னும் அழுதேன். அப்பா கடலைப் பார்த்தபடி, என்னிடம் சொல்வது போலன்றி மெல்லச் சொன்னார்.

"முதல் இரவு போய் விடியப்புறம் அதைக் கண்டனாங்கள். தும்பிக்கை மட்டும் தண்ணிக்கு மேல. எங்களைக் கண்டிட்டு நேரே வந்தது. வந்து தும்பிக்கையைத் தூக்கி, இந்தா, இந்த விளிம்பிலதான் வைச்சது. போட் சரிஞ்சிட்டுது. சித்தப்பா கத்தினவன். நான் துடுப்பால அடிச்சனான். ஒருக்கா இல்லை, பிள்ளை. துடுப்பு முறியுமட்டும் அடிச்சனான்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அப்படியென்றால் வந்திருக்கிறார். நான் சொன்னபடியே கடலுக்குள் இறங்கி, அவ்வளவு பெரிய கடலில் அப்பாவைத் தேடிப் பிடித்து, படகில் கைவைத்திருக்கிறார். பசியோடு, பல் இல்லாமல், என் சொல்லைக் கேட்டு வந்திருக்கிறார். பத்து நாளாக என் நெஞ்சில் கிடந்த கல் அசைந்து இறங்கியது. அப்பாதான் பாவம், ஆள் யாரென்று தெரியாமல் அடித்துவிட்டார். அவரை ஆறுதல்படுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய முழங்காலில் கையை வைத்தேன்.

"அவருக்கு நொந்திருக்காது அப்பா. அவர் பிள்ளையார்தானே. உங்களைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தவர்," என்றேன்.

அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். நொந்திருக்காது என்று சொன்ன பிறகும் ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.